சின்ன அறையில் சார்ஜில் கிடப்பது

மகன்,

தொலைபேசியில் உன்னோடு கதைத்தால் நீ சிரித்தே சமாளித்துவிடுவாய். அந்தக் கலையை உன் அப்பாவிடம் படித்தாய். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் பேரப்பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் லண்டனுக்கு வந்து சேரும் என்பதால், நான் எழுதி முடித்ததும் அப்பா ஒவ்வொரு தாளாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார். எழுத்து கோணலாக இருந்தால் நக்கல் அடிக்காதே. உத்தியோக காலம் முழுவதும் நாரந்தனைப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திய கை இது. கரும்பலகையில் நேர்கோடு போட ஒரு நாளும் அடிமட்டம் தேடியதில்லை. இன்று ஒரு வரிகூட நேராக வரவில்லை. வயது என்று நினைக்காதே. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கண்டது என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

"அம்மா, இஞ்சை பாருங்கோ புதுக் காரை" என்று தொலைபேசியைத் திருப்பிச் சாய்த்து வைத்தாய். றிமோட்டில் ஓடும் அந்தப் பந்தயக் காரை ஒரு கையில் ஏந்தி, சில்லுகள் அந்தரத்தில் சுழல றிமோட்டை ஒரு முறுக்கு முறுக்கிக் காட்டினாய். பிறகு நிலத்தில் வைத்து விட்டாய். அது முன்சில்லைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து சுவரில் போய் முட்டியது. நீ காட்டியது கார். நான் பார்த்தது உன் தோளுக்குப் பின்னால் இருந்த மரத்தட்டை. அதன்மேல் சார்ஜர் ஒன்று வெளிச்சம் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. அதில் கொழுவியிருந்த பற்றரி தட்டையாக இல்லை, நடுப்பகுதி உப்பியிருந்தது. தட்டுக்குக் கீழே மெத்தையில் மயூரி ஏழு மாத வயிற்றோடு இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். "மாமி, சாப்பிட்டாச்சோ?" என்று கேட்டுக் கையைக் காட்டினாள்.

"எடேய், அந்தப் பற்றரி ஊதிக் கிடக்குது. அதை ஏன் சார்ஜிலை போட்டனி?" என்று கேட்டேன்.

"எப்பன்தானே ஊதியிருக்குது அம்மா. இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

"ஊதினதைத் தூக்கி எறியிறதெல்லோ?"

"இது நல்ல சார்ஜர். எல்லாத்தையும் தானாப் பாத்து நிப்பாட்டும். நீங்கள் உங்கை இருந்துகொண்டு டாக்குத்தர் வேலை பாக்காதேங்கோ" என்று சிரித்தாய். மயூரியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நீ அதைக் கவனிக்கவில்லை.

ஊரில் இருக்கிற மாமிக்கு இந்தக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று மயூரி யோசிக்கக்கூடும். அவள் நெடுந்தீவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே ஆள் ஏறி ஓடுகிற காரே அருமை, பிறகு ஆளில்லாமல் ஓடுகிற கார் எங்கே கிடக்கிறது! உன் சித்தப்பா கனடாவிலிருந்து வந்தபோது தன் மகன் பாவித்துக் கழித்த காரைப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவந்தார். நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, சாப்பிடுவதும் படுப்பதுமாக இருந்த காலம். வீட்டுக்கு வாகனம் வந்தால் எலுமிச்சம்பழம் நசிக்காமல் ஓட்டக்கூடாது என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அது முழங்கை நீளக் கார் என்பது அவருடைய பக்திக்கு ஒரு பொருட்டே இல்லை. நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்து, கற்பூரமும் கொளுத்தி, "ஓட்டு மகன்" என்றார். கார் பழத்தின் மேல் ஏறி வழுக்கி, சாறு சீறி அடித்து, விதையும் சக்கையும் போய்ப் பல்லுச்சில்லுகளுக்குள் மாட்டி, அந்த இடத்திலேயே இறுகி நின்றுவிட்டது. முழுவதையும் கழற்றிக் கழுவிக் காய வைத்தாய். புளிப்பும் உப்புக் காற்றும் சேர்ந்து சில்லுகளைச் சுழல விடுகிற போறிங் குண்டுகள் எல்லாம் கறள் கட்டின. அப்பாவோடு ஒரு கிழமை நீ கதைக்கவில்லை. நான் குசினிக்குள் போய்ச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து நின்றேன்.

கழற்றியதை மறுபடி பூட்டத் தொடங்கியபோதுதான் நீ என்னிடம் வந்தாய். "அம்மா, மோட்டரிலை இருக்கிற சின்னப் பல்லுச்சில்லைக் கொஞ்சம் பெரிசாப் போட்டால் வேகம் கூடுமோ, குறையுமோ?" என்று கேட்டாய். ஆண்டு ஆறிலிருந்து கணக்கு என்றால் முகத்தைச் சுளிக்கிற பிள்ளை, தானாக வந்து விகிதக் கணக்குக் கேட்கிறான்! எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. இரண்டு சில்லிலும் பல்லை எண்ணச் சொன்னேன், வகுத்துக் காட்டினேன். பெரிதாகப் போட்டால் வேகம் கூடும், ஆனால் மோட்டர் மாடாய் உழைக்க வேண்டும், அந்த உழைப்புக்கு வேண்டிய மின்சாரத்தைப் பற்றரிதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னேன். நீ முதல் பாதியை மட்டும் கேட்டுக்கொண்டாய். அன்றிலிருந்து உன் காரில் என்னுடைய கணக்கும் ஓடுகிறது, ஆகையால் எனக்குத் தெரியாது என்று இனிமேல் சொல்லாதே.

உனக்கு இறுக்கிற கை. இந்த வீட்டில் நீ மூடிய ஊறுகாய்ப் போத்தலை நான் ஒரு நாளும் திறந்ததில்லை. நீ பூட்டிய குழாயின் வாசர் மாதத்துக்கு ஒன்று போகும். காரிலும் அதே கைதான். பல்லுச்சில்லோடு சேர்ந்திருக்கிற அந்தக் கிளச் ஒரு சின்னச் சுருள்வில்லையும் ஒரு நட்டையும் நம்பி இருப்பது. நட்டைக் கொஞ்சம் தளர விட்டால், கார் பாய்ந்து நிலத்தில் விழுகிறபோது கிளச் ஒரு கணம் வழுக்கி, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். இறுக்கிவிட்டால் அந்த அடி நேரே பல்லுக்குப் போகும், பல்லிலிருந்து மோட்டருக்கு, மோட்டரிலிருந்து பற்றரிக்கு. சில்லுகளை நிலத்தோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு முறுக்கு முறுக்கினால் சிர்ரென்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். அது கேட்டால் கிளச் சரி. எத்தனை தரம் முற்றத்தில் குந்தியிருந்து நான் உனக்காக அந்தச் சில்லுகளை அமுக்கிப் பிடித்திருப்பேன்! "இன்னும் எப்பன் தளத்து" என்பேன். "தளத்தினால் வேகம் வழுக்கிப் போகுது அம்மா" என்பாய். நான் குசினிக்குள் போனதும் மறுபடி இறுக்குவாய். தெரியாது என்று நினைத்தாயாக்கும்.

ஆமணக்கெண்ணெய்க் கூத்தையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அன்றைக்குத்தான் நான் ஒரு விஷயம் படித்தேன். வளைவில் ஒரு பக்கச் சில்லு கூடச் சுற்றவும் மற்றது குறையச் சுற்றவும் விடுகிற பெட்டி ஒன்று இருக்கிறதே, அதற்குள் விடுகிற தடிப்பான எண்ணெய் முடிந்துபோயிற்று. கொழும்பிலிருந்து வரவேண்டும். அப்பா ஆமணக்கெண்ணெய்ப் போத்தலோடு வந்தார். "இதைவிடத் தடிப்பான எண்ணெய் உலகத்திலை இல்லை" என்றார். காலையில் விட்டுப் பார்த்தால், உண்மையாகவே கார் வளைவில் கோடு கீறியது போல ஓடியது. அப்பா காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். மத்தியானம் வெயில் ஏறி, பெட்டி சூடாகி, எண்ணெய் தண்ணீராய் இளகிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் கார் பம்பரமாய்ச் சுற்றியது. நீ நிலத்தைக் குறை சொன்னாய், காற்றைக் குறை சொன்னாய். குளிர்ந்திருக்கிறபோது ஒழுங்காய் இருக்கிற சாமான் சூடேறினால் வேறு சாமான். ஓடி முடித்த காரைத் தூக்கி மோட்டரில் விரலை வைத்துப் பார், வைத்திருக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் இன்னும் சின்னப் பல்லுச்சில்லுப் போடு என்று அதற்குப் பிறகுதான் உனக்குச் சொல்லத் தொடங்கினேன். நீ விரலை வைப்பாய், சுட்டதும் எடுத்துக் காற்சட்டையில் தேய்ப்பாய், "பறுவாயில்லை" என்பாய்.

சேந்தனை நீ மறந்திருப்பாய் என்று நான் நம்பவில்லை. ஆனால் நீ அவனைப் பற்றிக் கதைப்பதே இல்லை, அதனால் நான் கதைக்கிறேன். சோளகக் காற்று அடிக்கத் தொடங்கித் தரவை வெளி காய்ந்து சீமெந்துத் தரைபோல இறுகியிருந்த காலம். பட்டினத்துப் பெடியள் மோட்டர்சைக்கிள்களில் கார்களைக் கட்டிக்கொண்டு கடலுக்கு நடுவே போகிற தாம்போதியால் வந்து இறங்கினார்கள். உன்னோடு படித்த சேந்தன் மண்கும்பானிலிருந்து வந்தான். அவனிடமும் ஒரு பழைய கார். ஒரு தரமாவது பட்டினத்தாரை வெல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டான். நீ அவனுடைய காரை வாங்கிப் பெரிய பல்லுச்சில்லுப் போட்டுக் கொடுத்தாய். கிளச் நட்டை முடிகிற மட்டும் இறுக்கிக் கொடுத்தாய். அவன் வென்றான், ஓம், வென்றான். நீங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தியது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. கார் நின்ற பிறகு நான் அவனுடைய பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். கொதித்தது. ஒரு பக்கம் உப்பியிருந்தது. "இதை இனிப் பாவிக்காதையும் தம்பி" என்று அவனுக்குச் சொன்னேன். "ஓம் ரீச்சர்" என்றான். ரீச்சருக்கு ஓம் என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்காத பெடியனை நான் இன்னும் காணவில்லை.

அவர்களுடைய ஆட்டுக்கொட்டிலில் ஒரு பிளக் இருந்தது. அடுத்த நாள் அங்கேதான் சார்ஜில் போட்டான், அதையே, அந்த ஊதிய பற்றரியையே. நாங்கள் இருவரும் மோட்டர்சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது கொட்டில் இருந்த இடத்தில் கூரையைத் தாங்கிய கப்புகள் நாலும் கருகி நின்றன. சேந்தனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "வெடிச்ச சத்தம் ஒண்டும் கேக்கேல்லை ரீச்சர். பாம்பு சீறினமாதிரி ஒரு சீறல். எட்டிப் பாக்கிறன், வெள்ளைப் புகை. பேந்து ஒரே சுவாலை. தண்ணி ஊத்த ஊத்த எரிஞ்சுது ரீச்சர், தண்ணிக்கு அது அடங்கேல்லை." பனையோலைக் கூரை, சோளகக் காற்று, இரண்டாவது வாளி கிணற்றிலிருந்து ஏறுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. சேந்தனின் வலக்கை மணிக்கட்டுவரை வெந்துபோயிருந்தது. ஆடுகள் மேயப் போயிருந்தன. கொட்டிலுக்குள் ஒருவரும் படுத்திருக்கவில்லை. திரும்பி வரும்போதும் நீதான் ஓட்டினாய். நான் உன்னை ஏசவில்லை, நீ அழுகிறாய் என்று முதுகுப் பக்கத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு இந்த வீட்டுக்குள் ஒரு பற்றரி சார்ஜில் கிடந்ததில்லை. உடைந்த பானைக்குள் மணலைப் போட்டு, கிணற்றுக்கட்டுக்கு அருகே வைத்து, வயரை இழுத்து, அங்கேதான் சார்ஜ் பண்ணுவாய். சார்ஜ் முடியும் வரைக்கும் ஆள் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அனேகமாக நானே கதிரையைப் போட்டுக்கொண்டு காவலிருப்பேன். "பிள்ளைத்தாச்சி ஆட்டுக்குக் காவல் இருக்கிறமாதிரி இருக்கிறா" என்று அப்பா பகிடி பண்ணுவார். நீயும் கவனமாகத்தான் இருந்தாய். லண்டனில் கிணற்றுக்கட்டு இல்லை என்பது எனக்கு விளங்குகிறது. கவனத்தையும் விமான நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போனாயா?

ஞாயிற்றுக்கிழமை நான் கேட்ட சத்தத்தைச் சொல்கிறேன், கேள். கார் உன் கையில் இருந்தபோது உறுமியது. இரண்டு பல்லுச்சில்லும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கிற உறுமல் அது. தாள் கனத்துக்கு இடைவெளி விட, நடுவே ஒரு தாள் துண்டை வைத்து மோட்டரைப் பூட்டிவிட்டுத் தாளை இழுத்தெடுக்கிற பழக்கத்தை எப்போது விட்டாய்? நிலத்தில் வைத்து விட்டபோது சிர்ரென்ற சத்தம் வரவே இல்லை. கார் நேரே முன்சில்லைத் தூக்கியது. நட்டை அடிமட்டும் இறுக்கி வைத்திருக்கிறாய். பல்லுச்சில்லும் பெரிது, அந்த வேகத்துக்கு வேறு காரணம் இல்லை. உங்கள் கிளப்பில் உன்னைவிட இளம்பெடியள் உன்னை முந்திப் போகிறார்கள் என்று போன மாதம் நீயே சொல்லி முகத்தைத் தொங்கப் போட்டாய். அந்தக் கோபத்தில் முறுக்கியிருக்கிறாய். பற்றரி பழசு என்று நீ சொல்லக்கூடும். உன்னுடைய நட்டுத்தான் அதைப் பழசாக்கியது. புதிது வாங்கிப் போட்டாலும் ஒரு மாதத்தில் அதையும் ஊத வைப்பாய். நட்டைத் தளர்த்து, பல்லுச்சில்லைச் சின்னதாக்கு. தோற்றால் தோற்றுவிட்டுப் போ, குடியா முழுகிப் போகும்?

திங்கட்கிழமை மறுபடி எடுத்தேன், உனக்கு நினைவிருக்கும். சேந்தன் வீட்டுக் கதையை எடுக்க வாயைத் திறந்ததும் அப்பா தொலைபேசியைப் பறித்துக்கொண்டு போய் உன்னோடு மழை வெயில் கதைத்தார். வைத்த பிறகு என்மேல் பாய்ந்தார். "இஞ்சேரும், உமக்கு விசரோ? பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு. நெருப்பு, எரிவு எண்டு வாயாலை சொல்லலாமோ? சொன்னது பலிச்சால் ஆர் பொறுப்பு?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை, மகன். கணக்கு ரீச்சர் என்றால் என்ன, நானும் இந்த மண்ணில் வளர்ந்தவள்தானே. இங்கே வாசலில் இறங்குகிறவன்கூடப் போறன் என்று சொல்லமாட்டான், போட்டுவாறன் என்பான். வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு முன்னால் கெட்ட சொல் எடுத்தால் நாக்கு அழுகும் என்று சொல்லித்தான் என்னையும் வளர்த்தார்கள். மாமியார்க்காரி மருமகளைப் பயப்படுத்தினா என்று நெடுந்தீவில் சம்பந்தி வீட்டார் கதைப்பார்கள் என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஆகவே வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று மயூரியோடு தனியாகக் கதைத்தேன். சுகம் விசாரிக்கத்தான். "கால் வீக்கம் எப்படிப் பிள்ளை? நித்திரை வருதோ?" என்று கேட்டேன். "இரவிலை வராது மாமி. மத்தியானத்திலை சின்ன அறைக்குள்ளை படுக்கிறனான். பெரிய அறைக்குள்ளை வெயில் அடிக்குது, இங்கைதான் குளிர்மை. இவரின்ரை சாமான்தான் அறை முழுக்க. ஓட்டம் இருக்கிற நாளிலை வேலைக்குப் போகேக்கை பற்றரியைச் சார்ஜிலை போட்டுட்டுப் போவார், அந்த லைற்றைப் பாத்துக்கொண்டே நித்திரையாயிடுவன்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு, "என்னமோ ஒரு மணம் மாமி, நகத்துக்குப் பூசிற மை மாதிரி. எனக்கு இப்ப எல்லாம் மணக்குதுதானே" என்றாள். அந்த மணம் எனக்குத் தெரியும். சேந்தனின் பற்றரியைக் கையில் எடுத்தபோது அடித்த மணம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேறை அறையிலை படுமன் பிள்ளை" என்றேன். "ஏன் மாமி?" என்று கேட்டாள். "சும்மாதான், சாமான் தடக்கி விழுந்திடுவீர்" என்றேன். நெருப்பு என்ற ஒரு சொல்லை என்னால் சொல்ல ஏலாமல் போயிற்று.

அது யாருடைய அறை என்று உனக்குத் தெரியும். வீடு பார்த்தபோதே, "இது பிள்ளைக்கு" என்று எனக்குக் காட்டினாய். மயூரி மாசமானதும் தொட்டில் வாங்க நீங்கள் இருவரும் துடித்தீர்கள். வேண்டாம், பிறக்குமுன் தொட்டில் வாங்கக்கூடாது, அறையில் ஒரு துணிகூடப் பிள்ளைக்கென்று வைக்கக்கூடாது, கண்படும் என்று மறித்தது நான். தாய் சொல்லைத் தட்டவில்லை நீ. அறை வெறுமையாய்க் கிடந்தது. வெறுமையாய்க் கிடக்கிற அறைக்குள் உன் காரும், கருவிகளும், பற்றரிகளும் குடிவந்துவிட்டன. தொட்டில் நிற்க வேண்டிய மூலையில் சார்ஜர் கிடக்கிறது. கடைக்கு மேலே வீடு, இறங்க இருப்பது ஒரே ஒரு மரப்படிக்கட்டு. இதை இன்று காலையில் எழுதத் தொடங்கும்வரை நான் ஒரு கோட்டில் சேர்த்துப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி எழும்பினேன். அப்பா காலையிலேயே தொலைபேசியை எடுத்துக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போனவர், இப்போதுதான் வந்தார். பொழுது சரிந்துவிட்டது. "உம்மடை மகன் மத்தியானம் மெசேஜ் போட்டிருக்கிறான்" என்று நீட்டினார். நீ அனுப்பியதை வாசித்தேன்: "அம்மா, இண்டைக்குப் பைனல். வேலையாலை நேர வந்து காரை எடுத்துக்கொண்டு போறன். பற்றரி எல்லாம் சார்ஜிலை போட்டுட்டன். ஆசீர்வதியுங்கோ." அதற்குக் கீழே அப்பா உனக்கு வெற்றி கிடைக்கட்டும் என்று அனுப்பியிருந்தார். இங்கே பின்னேரம் என்றால் உங்களிடம் மத்தியானம். மயூரி படுக்கிற நேரம். அவள் சொன்ன மணத்தையும் சின்ன அறையையும் அப்பாவுக்கு ஒரே மூச்சில் சொன்னேன்.

உனக்கு எடுத்தோம், உன் தொலைபேசி வேலையிடத்துப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும், அது செத்துக் கிடந்தது. மயூரிக்கு எடுத்தோம்; மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தோம். மூன்றாம் தரமோ நாலாம் தரமோ, எனக்குத் தெரியாது, அப்பா என் கையிலிருந்து வாங்கித் தானே அழுத்தினார். அவள் நித்திரைக் குரலில் "மாமா?" என்றாள். இவ்வளவு நாளும் என் வாயைப் பொத்திய மனிசன், பக்கத்து வளவுக்குக் கேட்கக் கத்தினார்: "நெருப்புப் பிடிக்கப்போகுது பிள்ளை! எழும்பும்! ஒண்டையும் தொடாதையும், ஒண்டையும் எடாதையும், படியாலை இறங்கி வெளியாலை போம்!" அவள் அழத் தொடங்கிவிட்டாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு படிச் சத்தம், ஒவ்வொரு படியாக, மெல்ல. அவள் இறங்கி முடியும்வரை நான் படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் கீழே கடைக்காரர் கொடுத்த கதிரையில், காலில் செருப்பும் இல்லாமல் இருக்கிறாள். அறைக்குள் மணம் நேற்றைவிடக் கூடவாம். தட்டுப் பக்கத்திலிருந்து ஏதோ சீறுவது போலக் கேட்டதாம், தனக்குச் சரியாகத் தெரியாதாம். கடைக்காரர் தீயணைக்கிற ஆட்களுக்குச் சொல்லிவிட்டார். அப்பா அவளோடு இடைவிடாமல் கதைத்துக்கொண்டிருக்கிறார், கால் வீக்கம் பற்றி, நெடுந்தீவுக் குதிரைகள் பற்றி, வாயில் வந்த எல்லாவற்றையும் பற்றி. மேலே என்ன நடக்கிறது என்று இதை எழுதுகிற இந்த நேரம் எனக்குத் தெரியாது. நீ பூட்டைத் திறந்து தொலைபேசியை எடுக்கிறபோது உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மரத்தட்டு மிஞ்சியிருந்தால் அதைக் கழற்றி எறி. மிஞ்சாவிட்டால் அதற்காக அழாதே; உன் பெண்சாதி வெளியே இருக்கிறாள். நேரே அவளிடம் போ. பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்த் தொட்டில் ஒன்று வாங்கு. நாளைக்கு என்று வைக்காதே. நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

அம்மா